எறிந்து விளையாடிய அட்டைகளில் எஞ்சி நிற்கும் வரலாறு



வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை கல்வெட்டுகளும் செப்பேடுகளும் கோட்டை கொத்தளங்களும்தாம். எது நிலைத்து நிற்க வேண்டும் என்று அரசர்கள் விரும்பினார்களோ அதைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். ஆயினும், நிலைக்க வேண்டும் என்று எவருமே எண்ணிப் பார்த்திராத பொருள்களும் சில வேளைகளில் காலத்தைக் கடந்து வந்துவிடுகின்றன. சிறுவர்கள் சில்லறைக் காசு கொடுத்து வாங்கி, தெருப்புழுதியில் ஓங்கி அறைந்து விளையாடிய அட்டைகள் அத்தகையவை. அவற்றை அச்சிட்டவர்கள் வரலாறு எழுத முனைந்தவர்கள் அல்லர். ஆகவேதான் அவை பொய் சொல்வதும் குறைவு.

கடந்த சில ஆண்டுகளாக ஜப்பான் நாட்டின் பழைய பேஸ்பால் அட்டைகளைச் சேர்த்து வருகிறேன். என்னிடம் இருப்பவை நூற்றுக்கும் குறைவு. பெரும்பாலானவை ஓரம் மடிந்தவை, மூலை தேய்ந்தவை. பெரிய சேகரிப்பாளர்கள் ஒதுக்கித் தள்ளுபவற்றையே என் போன்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியனால் வாங்க இயலும். "நமக்கும் பேஸ்பாலுக்கும் என்ன தொடர்பு?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. என் தாயார் கேட்ட கேள்வியோ இன்னும் கூர்மையானது. அவர்தம் பெரியப்பா சயாம் மரண இரயில் பாதைக்கு அழைத்துச் செல்லப்பட்டுத் திரும்பி வராதவர். "அவன் நாட்டுப் படத்தையா காசு கொடுத்து வாங்கி வைக்கிறாய்?" என்றார். அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு இக்கட்டுரையை எழுத முடியாது. இறுதியில் அதற்கு வருகிறேன்.

ஓர் ஆசிரியர் கொண்டு வந்த விளையாட்டு

பேஸ்பால் என்பது நம் பள்ளிகளில் ஆடப்படும் சாஃப்ட்பாலுக்கு உடன்பிறப்பு. எறிபவர் ஒருவர், மட்டை பிடிப்பவர் ஒருவர், ஓடித் தொட வேண்டிய தளங்கள் நான்கு. அதை ஜப்பானுக்குக் கொண்டு சென்றவர் படைத்தளபதியும் அல்லர், வணிகரும் அல்லர். ஹோரஸ் வில்சன் என்னும் அமெரிக்க ஆசிரியர், 1872ஆம் ஆண்டில் தோக்கியோவில் தம் மாணவர்களுக்கு அதைக் கற்றுக் கொடுத்தார். அவர் பணியாற்றிய கல்விக்கூடம் பின்னாளில் தோக்கியோ பல்கலைக்கழகமாக வளர்ந்த நிறுவனங்களுள் ஒன்று. ஆசிரியர் ஒருவர் வகுப்பறைக்கு வெளியே கற்றுக் கொடுத்தது ஒரு தேசத்தின் விளையாட்டாகவே ஆகிவிட்டது. நம் தொழிலைப் பற்றி நாம் பெருமை கொள்ள இதுவும் ஒரு காரணம்.

1896ஆம் ஆண்டில் தோக்கியோவின் முதலாம் உயர்நிலைப்பள்ளி மாணவர்கள், யோக்கோஹாமாவில் வாழ்ந்த வெளிநாட்டவர் அணியை 29க்கு 4 என்னும் கணக்கில் வென்றனர். மேலைநாட்டாரிடம் கற்றதைக் கொண்டே மேலைநாட்டாரை வெல்ல முடியும் என்ற எண்ணம் அன்று ஊன்றப்பட்டது. அதற்கு ஈராண்டுகளுக்கு முன்னரே, அப்பள்ளியின் மாணவராகிய சூமான் கனாயே இவ்விளையாட்டுக்கு 'யாக்யூ' என்னும் ஜப்பானியச் சொல்லை உருவாக்கித் தந்தார். வெளி என்பதற்கும் பந்து என்பதற்கும் உரிய எழுத்துகள் இரண்டையும் சேர்த்து ஆக்கிய சொல் அது. ஜப்பானியர் இன்றும் இவ்விளையாட்டை அச்சொல்லால்தான் குறிப்பிடுகிறார்கள். கலைச்சொல் உருவாக்கத்தில் ஈடுபாடுடைய தமிழாசிரியர்கள் இதைக் கருத்தில் கொள்ளலாம். நல்ல கலைச்சொல் மக்கள் வாயில் புழங்கி நிற்கும். அகராதிக்குள் முடங்கிக் கிடக்காது.

மென்கோ என்னும் அட்டை

அட்டைகளின் கதை பேஸ்பாலைவிடப் பழையது. 'மென்கோ' என்பதற்குச் சிறிய முகம் என்று பொருள் கூறலாம். எடோ காலத்தில் அது களிமண்ணால் செய்த சிறு வில்லை. மெய்ஜி காலத்தில் ஈயத்தால் வார்க்கப்பட்டது. ஈயம் குழந்தைகளுக்கு நஞ்சாகும் என்ற அச்சம் 1900ஆம் ஆண்டளவில் எழவே, ஈய மென்கோ மறைந்து, தடித்த காகித அட்டை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

விளையாடும் முறை எளிது. ஒருவன் தன் அட்டையைத் தரையில் வைப்பான். மற்றவன் தன் அட்டையை அதன் அருகே ஓங்கி அறைவான். எழும் காற்றின் வேகத்தில் தரையில் கிடக்கும் அட்டை புரண்டுவிட்டால் அது அடித்தவனுக்குச் சொந்தம். கை வலிமை மட்டும் போதாது. எந்தக் கோணத்தில் அறைய வேண்டும் என்ற நுட்பமும் வேண்டும். வென்றவன் சட்டைப்பை நிறையும். தோற்றவன் வெறுங்கையோடு வீடு திரும்புவான். கோலி விளையாடிய தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அட்டையின் முன்பக்கம் வண்ணப்படம். பின்பக்கத்தில் பல இலக்கங்கள் கொண்ட ஓர் எண், கல் கத்தரிக்கோல் காகிதம் விளையாட்டின் குறிகளுள் ஒன்று, சில வேளைகளில் ஒரு சிறு படம். அடித்து விளையாட இடமில்லாத போது எண்ணை ஒப்பிட்டோ கைக்குறியைக் காட்டியோ விளையாடலாம். ஓர் அட்டைக்குள் மூன்று விளையாட்டுகள் அடங்கியிருந்தன.

இவ்வட்டைகள் விற்கப்பட்ட இடம் 'தகாஷியா' எனப்படும் மலிவு மிட்டாய்க் கடை. பள்ளிக்கு அருகே ஒரு பாட்டி நடத்தும் கடையை எண்ணிக்கொள்ளுங்கள். மிட்டாய், பம்பரம், பட்டம் ஆகியவற்றுடன் மென்கோவும் அங்கே தொங்கும். குலுக்கல் முறையில் விற்கப்பட்டவையும் உண்டு. மூடிய உறையைப் பிரித்தால் சாதாரண அட்டை வரலாம்; நற்பேறு இருந்தால் பெரிய அட்டை பரிசாகக் கிடைக்கும். இந்த ஆவலை விற்கும் தந்திரம் நம் பிள்ளைகளின் காலத்தில் தோன்றியதன்று.

படம் மாறிய விதம்

மென்கோவின் முன்பக்கத்தில் யார் படம் இருந்தது என்பதே வரலாற்று மாணவனுக்கு உரிய கேள்வி. தொடக்கத்தில் பழங்கால வீரர்களும் சுமோ மல்லர்களும் இடம்பெற்றனர். நாடு போரை நோக்கி நகர்ந்த 1930களில் படைவீரர்களும் பீரங்கி வண்டிகளும் போர்க்கப்பல்களும் அட்டையை நிறைத்தன. ஏழு வயதுச் சிறுவனின் சட்டைப்பைக்குள் போர் நுழைந்துவிட்டது. பாடநூலைத் திறக்காத பிள்ளையும் மென்கோ விளையாடுவான் அல்லவா?

அதே 1930களில்தான் பேஸ்பால் தொழில்முறை விளையாட்டாகவும் மாறியது. 1934ஆம் ஆண்டின் இறுதியில் பேப் ரூத், லூ கெரிக் முதலிய அமெரிக்க விண்மீன்கள் யோமியுரி நாளிதழின் அழைப்பை ஏற்று ஜப்பானுக்கு வந்தனர். நவம்பர் 20ஆம் நாள் ஷிசுவோக்காவில் நடந்த ஆட்டத்தில் சவாமுரா எய்ஜி என்னும் 17 வயது இளைஞர் அவர்களை எதிர்த்துப் பந்து வீசினார். கெரிங்கர், ரூத், கெரிக், ஃபாக்ஸ் ஆகிய நால்வரையும் அடுத்தடுத்து ஆட்டமிழக்கச் செய்தார். கெரிக் அடித்த ஒரே அடியால் ஜப்பான் 1க்கு 0 எனத் தோற்றது. தோற்ற ஆட்டத்தை ஒரு நாடே கொண்டாடியது. 1936இல் தொழில்முறைக் குழுக்களின் போட்டிகள் தொடங்கின.

அந்தச் சவாமுராவின் முடிவு என்ன? மும்முறை படைக்கு அழைக்கப்பட்டார். கையெறி குண்டுகளை வீசி வீசித் தோள் பழுதடைந்தது. 1944ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், அவரை ஏற்றிச் சென்ற கப்பலை அமெரிக்க நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. அப்போது அவருக்கு வயது 27. இன்று ஜப்பானின் தலைசிறந்த பந்து வீச்சாளருக்கு வழங்கப்படும் விருது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தோக்கியோ டோம் அரங்கின் அருகே, போரில் மாண்ட தொழில்முறை ஆட்டக்காரர்களுக்காக 1981இல் நினைவுக்கல் ஒன்று எழுப்பப்பட்டது. அதில் அறுபதுக்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. சிறப்புத் தாக்குதல் படையில் சேர்ந்து 1945 மே மாதத்தில் மாண்ட இஷிமாரு ஷின்இச்சி என்னும் பந்து வீச்சாளரும் அவர்களுள் ஒருவர்.

ஒரு சொல்லைக்கூட விட்டு வைக்காத போர்

1943ஆம் ஆண்டில் ஜப்பானியப் பேஸ்பாலில் ஆங்கிலச் சொற்கள் விலக்கப்பட்டன. 'ஸ்ட்ரைக்' என்று நடுவர் கூவக்கூடாது. 'யோஷி இப்போன்' என்றே சொல்ல வேண்டும். சீருடையிலிருந்த ஆங்கில எழுத்துகளும் நீக்கப்பட்டன. மனிதர்களின் பெயர்களும் தப்பவில்லை. விக்டர் ஸ்டார்ஃபின் என்பவர் இரஷ்யாவில் பிறந்து, புரட்சிக்குப் பின் அகதியாக வந்து, ஹொக்கைடோவின் அசாஹிக்காவா நகரில் வளர்ந்தவர். ஜப்பானின் மிகச் சிறந்த பந்து வீச்சாளர்களுள் ஒருவர். அவருடைய பெயர் 1940இல் 'சுதா ஹிரோஷி' என்று மாற்றப்பட்டது. பின்னர் அயலவர் என்ற காரணத்தால் கருயிசாவாவில் காவலில் வைக்கப்பட்டார்.

மலேசிய வாசகர்கள் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அதே ஆண்டுகளில்தான் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நம் தாத்தா பாட்டிமார் பள்ளியில் ஜப்பானிய மொழியைக் கற்க வைக்கப்பட்டார்கள். தோக்கியோவில் ஒரு நடுவரின் வாயிலிருந்து ஒரு சொல்லைப் பிடுங்கிய அதே அதிகாரம்தான், இங்கே தோட்டத்துப் பிள்ளைகளின் வாயில் வேறொரு மொழியைத் திணித்தது. மொழியின் மீது கை வைக்கும் ஆட்சி முதலில் அயலாரிடம் தொடங்கும். பின்னர் தன் மக்களிடமும் வரும். அல்லது தன் மக்களிடம் தொடங்கி அயலாரிடம் செல்லும். வரிசை மாறலாம், முடிவு மாறுவதில்லை.

ஸ்டார்ஃபின் போருக்குப் பின் தம் பெயரை மீட்டுக்கொண்டு ஆட்டத்துக்குத் திரும்பினார். 1955இல் ஜப்பானின் தொழில்முறைப் பேஸ்பாலில் 300 வெற்றிகளை எட்டிய முதல் பந்து வீச்சாளர் ஆனார். அவர் வளர்ந்த நகரின் விளையாட்டரங்குக்கு இன்று அவர் பெயரே சூட்டப்பட்டுள்ளது.

இடிபாடுகளுக்கிடையே சிவப்பு மட்டையும் நீல மட்டையும்

1945இல் போர் முடிந்தது. நகரங்கள் எரிந்து கிடந்தன. அவ்வாண்டின் நவம்பர் மாதத்திலேயே தொழில்முறை ஆட்டக்காரர்கள் கூடி ஒரு காட்சியாட்டம் ஆடினார்கள். மறு ஆண்டில் போட்டிகள் மீண்டும் தொடங்கின. அமெரிக்கப் படை நிர்வாகம் வாள்வீரர் கதைகளை நாடகத்திலும் திரையிலும் தடுத்தது, பேஸ்பாலையோ ஊக்குவித்தது. போர்ப்படங்களை இனி அச்சிட இயலாத மென்கோக்காரர்களுக்குப் புதிய நாயகர்கள் தேவைப்பட்டனர். மட்டை பிடித்த மனிதர்கள் அந்த இடத்தில் வந்து நின்றார்கள்.

அக்காலத்து அட்டைகளில் அடிக்கடி காணப்படும் முகங்கள் மூன்று. கவாகாமி தெத்சுஹாரு சிவப்பு மட்டை பிடித்தவர். ஓஷித்தா ஹிரோஷி நீல மட்டை பிடித்தவர். 1946இல் 20 முறை பந்தை எல்லைக்கு வெளியே அடித்து மக்களை மலைக்க வைத்தவர். புஜிமுரா புமியோவின் மட்டை மிக நீளமானது. 'துணி காயவைக்கும் கழி' என்றே அதற்குப் பட்டப்பெயர். வண்ணமே அற்றுப்போன ஒரு நாட்டில் சிவப்பும் நீலமும் எத்துணை ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை அந்த அட்டைகளைக் கையில் வைத்துப் பார்த்தால் உணரலாம். காகிதம் மட்டமானது. அச்சில் வண்ணம் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும். முகம் அவர் முகம்போல் இருக்காது. ஆனால் மட்டை மட்டும் பளிச்சென்று சிவந்திருக்கும்.

மென்கோவுடன் 'புரோமைடு' எனப்படும் கறுப்பு வெள்ளை நிழற்பட அட்டைகளும் இதே காலத்தில் விற்பனையாயின. நிழற்படத் தாளில் பயன்படும் வெள்ளி புரோமைடு என்னும் வேதிப்பொருளிலிருந்து அப்பெயர் வந்தது.

ஆண்டு அச்சிடப்படாத அட்டைக்கு ஆண்டு காண்பது எப்படி?

மென்கோ அட்டைகளுள் பலவற்றில் ஆண்டு குறிக்கப்படுவதில்லை. அச்சிட்டவர் பெயரும் பல வேளைகளில் இராது. சேகரிப்பவன் துப்பறிய வேண்டும். இதுவே எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. வரலாற்றுப் பாடத்தில் சான்றுகளைக் கையாளும் முறையை இதைவிட எளிமையாகக் கற்பிக்க முடியாது.

எடுத்துக்காட்டாக, மைனிச்சி ஓரியன்ஸ் என்னும் குழுவின் பெயர் உள்ள அட்டை 1950க்கு முற்பட்டதாக இருக்க முடியாது. அக்குழு அவ்வாண்டில்தான் களமிறங்கியது. 1958இல் வேறொரு குழுவுடன் இணைந்து 'டைமாய்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆகவே எட்டு ஆண்டுகளுக்குள் வட்டம் சுருங்கிவிட்டது. அடுத்து, அட்டையிலுள்ள ஆட்டக்காரர் எந்த ஆண்டில் சேர்ந்தார், எந்த ஆண்டில் விலகினார், அவருடைய சீருடை எண் என்ன என்று பார்த்தால் வட்டம் இன்னும் சுருங்கும். வாலி யொனமினே என்பவரின் யோமியுரி அட்டை 1951க்கு முற்பட்டதன்று. ஹவாயில் பிறந்த அவர் அக்குழுவில் சேர்ந்ததே அவ்வாண்டில்தான். இவ்வாறே பிற நாட்டுச் சேகரிப்பாளர்களும் ஆயிரக்கணக்கான அட்டைகளை வரிசைப்படுத்தியுள்ளனர். கேரி எங்கல் என்னும் அமெரிக்கர் தொகுத்த பட்டியல் சேகரிப்பாளரிடையே பெரிதும் புழங்குகிறது.

குழுக்களின் பெயர்களையே ஒரு பாடமாக்கலாம். ஜப்பானியக் குழுக்கள் பெரும்பாலும் ஊர்ப்பெயரைவிட உரிமையாளர் பெயரையே தாங்கின. 1950களின் அட்டைகளில் நன்காய், ஹன்கியூ, நிஷிதெத்சு முதலிய இரயில் நிறுவனங்களைக் காண்கிறோம். தோயெய், ஷோச்சிக்கு முதலியவை திரைப்பட நிறுவனங்கள். யோமியுரி, மைனிச்சி, சூனிச்சி ஆகியவை நாளிதழ்கள். தாய்யோ வேல்ஸ் என்பது திமிங்கில வேட்டையிலும் ஈடுபட்ட மீன்பிடி நிறுவனத்தின் குழு. தொலைக்காட்சி வளர்ந்து திரைப்படத் தொழில் நலிந்தபின் தோயெய் தன் குழுவை விற்றது. 1974இல் அது இறைச்சி நிறுவனமான நிப்பொன் ஹாமின் கைக்குச் சென்றது. 1988இல் நன்காய் தன் குழுவை விற்றது. 2005 முதல் ராக்குத்தேன், சாஃப்ட்பேங்க் முதலிய இணைய, தொலைத்தொடர்பு நிறுவனங்கள் களத்துக்கு வந்தன. இரயில், திரைப்படம், மீன், இறைச்சி, இணையம் என்று அடுக்கிப் பாருங்கள். ஒரு நாட்டின் பொருளாதார வரலாறு அட்டைகளின் ஓரத்தில் அச்சாகிக் கிடக்கிறது.

அட்டையில் இடம்பெற்றவர்களும் இடம்பெறாதவர்களும்

1959ஆம் ஆண்டு அட்டைகளில் இரண்டு புதுமுகங்கள் தோன்றுகின்றன. ஒருவர் ஓ சதஹாரு. தந்தை சீனர், தாய் ஜப்பானியர். 1957இல் தம் பள்ளிக்கு வசந்தகால கோஷியென் கோப்பையை வென்று கொடுத்தவர். ஆனால் அதே ஆண்டில் தேசிய விளையாட்டு விழாவில் பங்கேற்க அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. அவர் ஜப்பானியக் குடிமகன் அல்லர் என்பதே காரணம். பின்னர் 868 முறை பந்தை எல்லைக்கு வெளியே அடித்து உலகையே திரும்பிப் பார்க்க வைத்தார்.

மற்றொருவர் ஹரிமோத்தோ இசாவோ. கொரியப் பெற்றோரின் பிள்ளை. ஹிரோஷிமாவில் பிறந்தவர். அணுகுண்டு விழுந்தபோது ஐந்து வயது. அக்காள் ஒருவரை இழந்தார். அதற்கு முன்பே தீக்காயத்தால் அவர் வலக்கை சிதைந்திருந்தது. அந்தக் கையோடு 3,085 அடிகளைக் குவித்து ஜப்பானியச் சாதனை படைத்தார். 400 ஆட்டங்களை வென்ற பந்து வீச்சாளர் கனேதா மசாஇச்சியும் கொரியப் பெற்றோருக்குப் பிறந்தவரே.

ஆக, ஜப்பானியச் சிறுவன் தன் நாட்டுப் பெருமை என்று எண்ணிச் சட்டைப்பையில் வைத்திருந்த முகங்களுள் அகதியும் சீனரின் மகனும் கொரியரின் மகனும் ஹவாய்த் தோட்டத்தொழிலாளர் வழிவந்தவரும் இருந்தனர். இதை அச்சிறுவன் அறிந்திருந்தானா? அட்டையின் பின்பக்கத்தில் அது எழுதப்படவில்லை. சிறுபான்மையினராக வாழும் நமக்கு இச்செய்தியின் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

பெண்பிள்ளைகளோ இந்த அட்டைகளில் இல்லவே இல்லை. ஒரு சான்று எதைச் சொல்லாமல் விடுகிறது என்று கேட்பதும் வரலாற்றுக் கல்வியின் பகுதியே.

மிட்டாயும் நூலும் பறிமுதலும்

பெற்றோர்க்கு ஆர்வமூட்டும் பகுதி இது. 1950களின் தொடக்கத்தில் 'கோபாய்' என்னும் கேரமல் மிட்டாய்ப் பெட்டிக்குள் யோமியுரி குழுவினரின் அட்டைகள் வந்தன. முழு அணியையும் சேர்த்து அனுப்பினால் கையுறை, மட்டை முதலிய பரிசுகள் கிடைக்கும். சிறுவர்கள் பித்துப் பிடித்து அலைந்தார்கள். பெற்றோரும் ஆசிரியரும் கண்டித்தார்கள்.

அதே காலத்தில் ஒக்கயாமாவைச் சேர்ந்த கபாயா என்னும் மிட்டாய் நிறுவனம் வேறொரு வழியை மேற்கொண்டது. 1952 முதல், பெட்டிக்குள் இருக்கும் சீட்டுகளைச் சேர்த்து 50 புள்ளிகள் ஆனால் ஒரு நூல் கிடைக்கும் என்று அறிவித்தது. உலக இலக்கியங்களைச் சிறார்க்காகச் சுருக்கி 100க்கும் மேற்பட்ட தலைப்புகளில் வெளியிட்டது. நூல் வாங்க வசதியில்லாத வீடுகளுக்குள் மிட்டாய்ப் பெட்டியின் வழியே நூல்கள் நுழைந்தன. ஒக்கயாமா மாநில நூலகம் அந்நூல்களை மின்வடிவில் பாதுகாத்து வருகிறது. பிள்ளைகளின் சேர்க்கும் ஆசை ஒன்றுதான். ஒரு நிறுவனம் அதைப் பரிசுப் பித்தாக்கியது. மற்றொன்று அதையே வாசிப்பாக்கியது. பிள்ளையின் ஆசையைக் குறை கூறுவதற்கு முன், அந்த ஆசையை நாம் எப்பக்கம் திருப்பினோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

1960களில் தொலைக்காட்சி பரவ, பேஸ்பால் மென்கோ ஓய்ந்தது. 1971இல் கால்பீ நிறுவனம் 'முகமூடி வீரன்' என்னும் தொலைக்காட்சி நாயகனின் அட்டையோடு நொறுக்குத்தீனி விற்றது. பிள்ளைகள் அட்டையை எடுத்துக்கொண்டு தீனியைக் குப்பையில் எறிந்தார்கள். அது நாடு தழுவிய சிக்கலாயிற்று. 1973இல் அதே நிறுவனம் பேஸ்பால் அட்டைகளைத் தொடங்கியது. முதல் எண் பெற்ற அட்டை நகஷிமா ஷிகேயோவுடையது. 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவர் மறைந்தபோது ஜப்பான் முழுவதும் துயருற்றது. அவ்வட்டை வரிசையோ அரை நூற்றாண்டைக் கடந்தும் தொடர்ந்தது. 1991இல் பேஸ்பால் இதழ் நிறுவனம் ஒன்று, தீனி ஏதுமின்றி அட்டைகளை மட்டுமே உறையிட்டு விற்கத் தொடங்கியது. விளையாடுவதற்காக இருந்த அட்டை, சேர்த்து வைப்பதற்கான அட்டையாகிவிட்டது. 1996இல் வெளிவந்து நம் பிள்ளைகளின் பைகளிலும் புகுந்த போக்கிமோன் அட்டைகள் இந்த நெடிய மரபின் கொழுந்துதான்.

சேகரிப்பாளர்கள் மாசு மறுவற்ற அட்டைக்கே பெரும்பணம் தருகிறார்கள். மடிப்பு இல்லாத அட்டை என்றால், அதைக் கொண்டு எந்தச் சிறுவனும் விளையாடவில்லை என்று பொருள். என் கணக்கு வேறு. மூலை தேய்ந்த அட்டையில் ஒரு சிறுவனின் கைத்தடம் இருக்கிறது. அதுவே எனக்கு விலைமதிப்பற்றது. நம் நாட்டின் ஈரக்காற்று பழைய காகிதத்துக்குப் பகை. ஆகவே அமிலமற்ற தாளுறையில் இட்டு, ஈரமுறிஞ்சும் சிறு பொட்டலங்களுடன் மூடிய பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். வெயில் படாமல் காப்பதும் இன்றியமையாதது.

தாயாரின் கேள்விக்கு விடை

இப்போது என் தாயாரின் கேள்விக்கு வருகிறேன். சயாம் பாதையில் மாண்ட பல்லாயிரம் தமிழர்களுக்கு அட்டையும் இல்லை, நெடுங்காலம் நினைவுக்கல்லும் இல்லை. பெரும்பாலோர்க்குப் பெயர்ப்பட்டியலும் இல்லை. ஓர் ஆட்டக்காரனின் சீருடை எண்ணைக்கூட இன்று கண்டறிந்துவிட முடிகிறது. நம் பெரியப்பா எந்த முகாமில் மாண்டார் என்பதைக் கண்டறிய முடியவில்லை. இந்த வேறுபாடு நெஞ்சைச் சுடுகிறது. அதை நான் மறைக்கவில்லை.

ஆனால், அந்தப் பாதையை அமைக்க ஆணையிட்டவர்கள் மென்கோ விளையாடிய சிறுவர்கள் அல்லர். அச்சிறுவர்களின் கையில் பீரங்கிப் படத்தைக் கொடுத்தவர்கள் பெரியவர்கள். பதினைந்து ஆண்டுகளில் அச்சிறுவர்களுள் பலர் உண்மைத் துப்பாக்கி ஏந்தினார்கள். ஆகவே, விளையாட்டுப் பொருள் வழியே பிள்ளைகளின் உள்ளத்தில் எதை விதைக்கிறோம் என்பது சிறிய செய்தியன்று. பகைநாட்டின் பிள்ளையையும் பிள்ளையாகக் காணத் தெரிந்தவனே தன் வீட்டுத் துயரத்தையும் வெறுப்பின்றிச் சொல்ல வல்லவன் என்று நான் நம்புகிறேன். என் தாயார் இதை முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் ஸ்டார்ஃபினின் பெயரைப் பிடுங்கிய கதையைக் கேட்டபின், "அவனுக்கும் அப்படித்தான் செய்தார்களா?" என்று மட்டும் கேட்டார்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பில் அட்டைகளைப் பறிமுதல் செய்ய வேண்டிய நேரம் வரும், செய்யுங்கள். ஆனால் திருப்பிக் கொடுக்கும் முன், அந்த மாணவனிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இதைச் செய்தவர் யார்? யாருக்காகச் செய்தார்? இதில் யார் படம் இல்லை? இது எந்தக் காலத்தது என்பதை எப்படிக் கண்டறிவாய்? என் ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் இக்கேள்விகளைக் கேட்டிருக்கிறேன். பாடநூலைத் திறந்தவுடன் கொட்டாவி விடும் பிள்ளைகள்கூட அன்று மணி அடித்தபின்னும் எழுந்திருக்கவில்லை.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் தோட்டங்கள் மறைந்து வருகின்றன. தோட்டத்துப் பள்ளியின் தேர்ச்சி அட்டை, திரைப்படப் பாட்டுப் புத்தகம், தீப்பெட்டிப் படம், ஜப்பானியர் காலத்து வாழைமர நோட்டு என்று ஏதேனும் ஒன்று உங்கள் வீட்டு அலமாரியின் அடியில் கிடக்கலாம். வீட்டைத் துப்புரவு செய்யும் நாளில் அதை எறிந்துவிடாதீர்கள். அதன் பின்புறத்தில் யாருடையது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று பென்சிலால் எழுதி வையுங்கள். எழுதி வைக்க ஆள் இருந்தவர்களின் கதைதான் இன்று நமக்குக் கிடைக்கிறது. நம் கதையை எழுதி வைக்க நம்மைத் தவிர வேறு ஆள் இல்லை.